மெட்ராசுக்கு இரண்டாம் முறை எழுதிய விண்ணப்பம்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, என் பெயர் ஞானம்மாள். பினாங்கில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எம்.ஏ. படிக்க நான் பட்ட பாட்டையும், அதில் தேவன் எனக்குச் செய்ததையும் உங்களிடம் சொல்ல வெகுநாளாய் ஆசை.

அது ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். மெட்ராசில் தாவரவியலில் பி.ஏ. முடித்து ஊர் திரும்பியிருந்தேன். மேலே படிக்க அங்கேயே விண்ணப்பம் போட்டேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம் பதில் வந்தது. ஒரே வரி. இடமில்லை. அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை. இந்த ஆசையை ஏன் கொடுத்தீர் ஆண்டவரே என்று கேட்டுக் கேட்டு அழுதேன்.

அப்பா கடலுக்கு அக்கரையில் பிறை ஊர் ஸ்டேஷனில் ரயில்வே குமாஸ்தா. "இன்னொரு தடவ எழுதிப் பாரும்மா. அதுவும் இல்லன்னா ஈப்போவுலேருந்து கேட்டு வந்திருக்காங்களே, அந்த மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிடுவோம்," என்றார். அந்த மாப்பிள்ளையை நான் பார்த்ததுகூட இல்லை. நல்லவராகவே இருக்கட்டும். எனக்கு வேண்டியது படிப்பு.

என்னோடு வேலை பார்த்த ரோசலின் கணக்கு டீச்சர். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள். என் பழைய விண்ணப்பத்தின் நகலைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"கனம் பொருந்திய துரைமார்களுக்கு எத்தன கும்பிடு போட்டிருக்க. சின்ன வயசுலேருந்து படிப்புல ஆசைன்னு எல்லாரும்தான் எழுதுவாங்க. அங்க போய் எதக் கண்டுபிடிக்கப் போறன்னு ஒரு வார்த்த இல்லையேலா."

கோபம் வந்தது. ஆனால் சொன்னது நிஜம். அன்றுமுதல் என் ஜெபம் மாறியது. "இடம் கொடும்" என்று கேட்பதை விட்டு, "எனக்கு ஒரு கேள்வியைக் கொடும்" என்று கேட்டேன்.

பெந்தெகொஸ்தே கழிந்து, மாணவிகளைத் தீவின் மறுபக்கத்துப் பாலிக் புலாவுக்குக் கூட்டிப்போனோம். ஒரு ஜாதிக்காய்த் தோட்டத்தில் நன்றாக வளர்ந்த மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். ஏன் என்று தோட்டக்காரரிடம் கேட்டேன். எல்லாம் ஆண் மரம், காய்க்காது, பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது என்றார். ஆறேழு வருஷ உழைப்பு தரையில் கிடந்தது. கன்றாக இருக்கும்போதே கண்டுபிடிக்க முடியாதா? ரோசலினைத் திரும்பிப் பார்த்தேன்.

"இதத்தான் எழுதணும்," என்றாள்.

எழுதினேன். முகஸ்துதி ஒன்றுமில்லை. என்ன கேள்வி, எப்படித் தேடுவேன், ஏன் மெட்ராஸ், அவ்வளவுதான். ஆனால் என் வேலையை அறிந்த ஒருவரின் சிபாரிசும் வேண்டும். மெட்ராசில் எனக்குத் தாவரவியல் நடத்திய மிஸ் டன் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். எங்கே என்று தெரியாது. மறு கப்பலில் விண்ணப்பம் போகாவிட்டால் அந்த வருஷமும் போச்சு. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் பெண்கள் எல்லோரும் எனக்காக முழங்கால் போட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவேன். எங்கள் தமிழ் ஆராதனைக்கு முன்னால் அதே கோவிலில் ஆங்கில ஆராதனை நடக்கும். நானும் அப்பாவும் படியேறுகிறோம். உள்ளேயிருந்து குடையை விரித்தபடி வெளியே வருகிறார் மிஸ் டன். ஹாங்காங்கிலிருக்கும் தம்பியைப் பார்க்கப் போகிறாராம். கப்பல் சரக்கு இறக்க ஒருநாள் நின்றிருக்கிறது.

என் பெயர் அவருக்கு நினைவில்லை. முகம் நினைவிருந்தது. "செம்பருத்தியைத் தலைகீழாக வரைந்த பெண் அல்லவா நீ?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இப்போது என்ன படிக்க ஆசை?" என்று கேட்டார்.

போன வருஷம் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். அன்று ஜாதிக்காயைப் பற்றி நிறுத்தாமல் பேசினேன். அவர் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார். பிறகு எங்கள் போதகர் ஐயரின் அறையில் உட்கார்ந்து சிபாரிசு எழுதினார். அப்பா ஓடிப்போய் அவருக்குக் காப்பி வாங்கி வந்தார். மறுநாள் தபாலாபீசுக்கு உறையை எடுத்துப் போனதும் அப்பாதான். ஈப்போவைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

ஆகஸ்டில் தந்தி வந்தது. இடம் கிடைத்தது. நாகப்பட்டினம் கப்பலில் ஏறி, படித்து, பட்டம் வாங்கித் திரும்பினேன். என் கேள்விக்கு முழு விடை கிடைக்கவில்லை. இன்னும் தேடுகிறேன், சந்தோஷமாய்த் தேடுகிறேன்.

முதல் மறுப்பும் கிருபைதான் என்று இப்போது நம்புகிறேன். கர்த்தர் ஆளை அனுப்புமுன் என் வாயில் சொல்லை வைத்தார். மேலே படிக்க ஆசைப்படும் பிள்ளைகளே, உங்களை அறிந்தவரிடம் காலத்தோடு கேளுங்கள். உங்கள் கேள்வியைத் தெளிவாய் எழுதுங்கள். ஒரு தரம் இல்லையென்றால் மறுபடியும் எழுதுங்கள். தனியாய் எழுதப் பயமாயிருந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். முதலில் ஜெபிப்போம். பிறகு மேசையருகே உட்கார்ந்து, கும்பிடுகளை ஒவ்வொன்றாய் அடித்துவிடுவோம்.