கால் மாத்திரையும் என் வெள்ளிக்கிழமை உபவாசமும்

ஆண்டவரை நம்புகிற உங்கள் எல்லாருக்கும் பொம்மிடியிலிருந்து எஸ்தர் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பிள்ளைகளை உயிரில்லாமல் பெற்றவள் நான். 1984-ல் முதல் பிள்ளை. ஏழாம் மாதம் கால் வீங்கியது, முகம் வீங்கியது, பார்வை மங்கி ஜன்னி கண்டது. நினைவு வந்தபோது வயிறு வெறுமையாக இருந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. 1986-ல் இரண்டாவது. அதே ஏழாம் மாதம், அதே வீக்கம். பிரஷர் ஏறி, பிள்ளைக்குப் போகிற ரத்தம் குறைந்துவிட்டது என்றார்கள். என் இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிட்டது அந்தப் பிள்ளை.

அதற்குப் பிறகு பயப்படுவதே எனக்கு வேலையாகிவிட்டது. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் தண்டவாளம் பழுதுபார்க்கிற கேங்மேன். அவர் வர ஐந்து நிமிஷம் தாமதித்தால் அழுதுவிடுவேன். 1988-ல் மூன்றாவது முறை கரு தங்கியபோது சந்தோஷமே வரவில்லை.

எங்கள் சபையில் பாரமான விண்ணப்பம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை உபவாசம் இருப்பார்கள். நானும் பொருத்தனை செய்தேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையை உயிரோடு கொடும். பிறக்கிறவரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீரும் தொடமாட்டேன்" என்றேன்.

நான்காம் மாதம் தருமபுரியில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். பழைய கதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"தெனமும் ஆஸ்பிரின்ல கால் மாத்திரை போடும்மா. பிள்ளைக்குப் போற ரத்தம் அடைபடாம ஓட உதவும்னு வெளிநாட்டுல இப்பத்தான் எழுதிட்டு வர்றாங்க. கண்டிப்பா கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். உனக்குக் குடுத்துப் பாக்கலாம். வெறும் வயித்துல மட்டும் போடாத."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பெரிய ஊசி, பெரிய மருந்து என்று நினைத்துப் போயிருந்தேன். தலைவலிக்குப் பெட்டிக்கடையில் வாங்குகிற மாத்திரை! அதிலும் கால் துண்டு!

"வவுத்துல புள்ள இருக்கறவளுக்குத் தலவலி மாத்திரையா? அந்த டாக்டரம்மாவுக்குத்தான் தலவலி போல" என்றார் என் மாமியார்.

என் வீட்டுக்காரர் சவரம் செய்கிற பிளேடைச் சுடுதண்ணீரில் கழுவி, மாத்திரையை நாலாக நறுக்கி டப்பாவில் போட்டு வைத்தார்.

தினமும் காலையில் சாப்பிட்டதும் போட்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் போடவில்லை; பொழுது சாய்ந்து சாப்பிட்ட பிறகு போடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆறாம் மாதம் பிறந்ததும் பயம் என்னைப் பிடித்து ஆட்டியது. செவ்வாயும் உபவாசம் என்றேன். பிறகு புதனும் சேர்ந்தது. அந்த நாட்களிலும் மாத்திரை இல்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் செருப்பு காலில் ஏறவில்லை. வீக்கம்.

அன்றைக்கே தருமபுரிக்கு ஓடினோம். டாக்டர் பிரஷர் பார்த்தார். கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார். "மாத்திரை தெனமும் போடறியா?"

"உபவாச நாள்ல போடறதில்லீங்க. வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எதுக்கு உபவாசம்?"

"ஆண்டவர்கிட்ட உசுரோட ஒரு புள்ள கேக்கறனுங்க."

"அந்தப் பிள்ளைக்குச் சோத்தையும் நிறுத்திட்டு, மருந்தையும் நிறுத்திட்டுக் கேக்கறியே, அவரு எந்த வழியாம்மா குடுப்பாரு?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த அம்மா நம்முடைய சபை இல்லை. அவர் தலைக்குமேல் வேறே சாமி படம் மாட்டியிருந்தது. ஆனால் ஆண்டவரே என்னை உட்காரவைத்துப் பேசினது போல இருந்தது. நான் கேட்ட விண்ணப்பத்துக்கு அவர் நான்காம் மாதமே பதில் கொடுத்துவிட்டார். அதை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, நான் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்!

திரும்பி வருகிற பஸ்ஸிலேயே அடுத்த பயம் வந்தது. "என்னாங்க, ஆண்டவருக்குக் குடுத்த வாக்குத் தப்புனா குத்தமாயிடாதுங்களா?"

"தப்ப வேணாம். ஒனக்குப் பதிலா நான் இருக்கறேன் உபவாசம்."

"நீங்களா? பத்து மணிக்குக் களி வரலீன்னா தண்டவாளத்தையே கடிப்பீங்க!"

"நீ ரெண்டு உசுருக்குத் திங்கணும். நான் ஒண்ணுதானே, தாங்கும்."

கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்கு வருகிற மனுஷன் அவர். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து வெறும் வயிற்றோடு வெயிலில் லைனில் சம்மட்டி பிடித்தார். நான் வயிறாரச் சாப்பிட்டு, கால் மாத்திரை போட்டு, டாக்டர் சொன்னபடி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். வாராவாரம் பிரஷர் பார்த்தோம். ஏழாம் மாதம் வந்தது. போனது. எட்டும் போனது! கால் வீக்கம் இருந்தது, முகம் வீங்கவில்லை. பிரஷர் அதற்குமேல் ஏறவில்லை. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போகக் கூடாது என்று ஒன்பதாம் மாதம் டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். கையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாமல் ஆண்டவரை மட்டும் நம்பின நாட்கள் அவை.

1989 தை மாதம் பெண் பிள்ளை பிறந்தாள். இரண்டு கிலோ நானூறு. டாக்டர் அவளைத் தூக்கி என் மார்பில் போட்டார். "நானும் பயந்துக்கிட்டுத்தான்மா இருந்தேன்" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ முகம் தெரியாதவர்கள் இந்தக் கால் மாத்திரையின் பலனைக் கண்டுபிடித்தார்கள். அதை இந்த அம்மா படித்திருந்தார். அதுவும் எனக்குத் தேவைப்பட்ட காலத்தில்! பொம்மிடி கேங்மேன் பெண்டாட்டிக்காக இத்தனை பேரை எழுப்புகிற தேவன் எவ்வளவு பெரியவர்!

என்னைப் பார்த்து நீங்களாக மாத்திரை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். டாக்டர் சொன்னால்தான் போட வேண்டும். எல்லாருக்கும் ஒத்துவராது.

பயம் எனக்கு முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பயம் வந்தால் இப்போது சாப்பாட்டை நிறுத்துவதில்லை. என் வீட்டுக்காரர் இன்றும் வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறார்.

வயிற்றுப் பிள்ளைக்காக அழுகிற என் சகோதரிகளே, அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து, கொடுக்கிறதை வாங்கிக்கொள்ளுங்கள். சிறியதாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள்.