கல்லிலிருந்து எடுத்த கரை

பட்டுச்சேலைக் கரைக்குக் கட்டத்தாளில் டிசைன் போடுகிறவன், எங்கே போனாலும் எதையாவது எண்ணிக்கொண்டுதான் இருப்பான். உங்களில் யாருக்காவது இந்த வியாதி இருந்தால் நான் பட்ட வெட்கம் புரியும். காஞ்சிபுரத்தில் இருபத்தாறு வருஷம் இதுதான் என் வேலை. அறுபதுகளின் கடைசியில் எங்கள் நெசவாளர் சங்கம் ஐதராபாத் கண்காட்சியில் கடை போட்டபோது என்னையும் நெசவாளி மாணிக்கத்தையும் அனுப்பினார்கள். ஒருநாள் ஓய்வு கிடைத்தது. கோல்கொண்டா கோட்டைக்குப் போனோம்.

கைதட்டல்

வாசல் வளைவின் கீழே நின்று கைதட்டினால் மலையுச்சி அரண்மனையில் கேட்குமாம். சுல்தான்கள் காலத்துக் காவல் ஏற்பாடு. அரைமணி கழித்துப் பத்துத் தடவை தட்டும்படி மாணிக்கத்திடம் சொல்லிவிட்டு, படிகளை எண்ணியபடி ஏறினேன். உச்சியில் ஒன்பதுதான் கேட்டது. இறங்கிவந்து சொன்னேன். பத்து தட்டினேன் என்று சாதித்தான். திரும்பவும் ஏறினேன். அப்போதும் ஒன்பது.

மூன்றாம் தடவை வேட்டியை மடித்துக் கட்டினேன். வாசலில் நின்ற கூட்டமெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அவன் கத்தினான்: "சுல்தானே இவ்ளோ கணக்கு கேட்டிருக்க மாட்டாருண்ணே! ஒண்ணு கொறைஞ்சா கோட்டை பூடுமா?"

காவலாளி

அந்த வெட்கத்தில் கூட்டம் இல்லாத பக்கமாக ஒதுங்கினேன். மாணிக்கமும் பின்னாலேயே வந்தான். அங்கே ஒரு வளைவின் மேல் கருங்கல்லில் செதுக்கிய பட்டை. நெட்டுக்குத்தாகக் கம்பிகள், அவற்றின் அடியில் சுருண்டு ஓடும் கொடி, நடுநடுவே புள்ளிகள். அப்படியே ஒரு சேலைக்கரை! செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டத்தாளை எடுத்தேன். தறிக்கு முன்னால் செருப்புப் போடுவதில்லை. டிசைன் எடுக்கும்போதும் எனக்கு அதே பழக்கம்.

மூன்று மணி நேரம் ஆனது. காவலுக்கு இருந்த வயதான முஸ்லிம் ஒருவர் ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். பிறகு மண்குவளையில் தண்ணீர் கொடுத்தார். இது என்ன வேலைப்பாடு என்று அவரிடம் கேட்க நினைத்தேன். முகம் தெரியாதவர்களிடம் பேச எனக்குக் கூச்சம், கேட்கவில்லை. புறப்படும்போது அவர் நெஞ்சில் கைவைத்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். எங்கள் ஊரில் தெலுங்கு பேசுகிற தெருவில் வளர்ந்த மாணிக்கம் சொன்னான்: "செருப்பைக் கழட்டிட்டு இவ்ளோ நேரம் குந்திக்கினு எழுதினியே, இப்படி ஒரு பக்தியை அவரு பார்த்ததே இல்லியாம்ணே!" தொழில்பக்தியைச் சொல்கிறார் என்று நினைத்து எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

தறி

ஊருக்கு வந்து, அந்த டிசைனைத் தறியில் நூல் முடிச்சுகளாகக் கட்டினோம். அதை அடை என்போம். இருபத்திரண்டு நாள் பிடித்தது. ஒரு புள்ளிக்காக நான்கு நாள் வேலையைப் பிரிக்கவைத்தேன். மாணிக்கம் முனகினான்: "ஒரு புள்ளி இல்லேன்னா எந்தப் பொம்பளைண்ணே சேலையைத் திருப்பி எடுத்துக்கினு வரப் போறா?"

ஆற்காட்டுப் பெரியவர்

முதல் சேலை முடிந்த வாரம், மகள் நிக்காஹுக்குப் பட்டு எடுக்க ஆற்காட்டிலிருந்து ஒரு பெரியவர் சங்கத்துக்கு வந்தார். வருஷக்கணக்காக எங்களிடம் வாங்குகிறவர். இதை அவருக்கு நானே விரித்துக் காட்டினேன். கூச்சத்தை மறந்து, எத்தனை இழை, எத்தனை கட்டம் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அவர் பாயில் கிடந்த கரையின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினார். உதடு மெல்ல அசைந்தது. அவர் படித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது எங்க வேதத்து வசனம். பொம்பளைங்க காலடியிலயா புரளுறது?"

கோல்கொண்டாவையும் காவலாளியையும் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அரபி எழுத்து என்று தெரியாது, எண்ணித்தான் எடுத்தேன் என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கரையை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு புள்ளிகூடத் தப்பலியேப்பா. எங்கியாவது தப்பா எண்ணியிருந்தா வெறும் கொடின்னு நெனச்சு என் மகளுக்கு வாங்கிட்டுப் போயிருப்பேன்."

அடை

சங்கத்தில் பேசி, அந்தக் கரையை வெட்டி வெள்ளைத் துணியில் சுற்றி அவரிடமே ஒப்படைத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மகளுக்கு மாங்காய்க் கரை எடுத்துக்கொண்டு போனார்.

அடையை நானே உட்கார்ந்து முடிச்சு முடிச்சாக அவிழ்த்தேன். மாணிக்கம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இந்தத் தடவை கேலி இல்லை. "அந்தக் காவக்காரரு நமக்குத் தண்ணி குடுத்தாரேண்ணே," என்றான்.

படி, கட்டம், இழை, புள்ளி என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை எண்ணிய நான், முக்காலி போட்டுத் தந்த அந்த மனிதரிடம் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்.