இரண்டு இடம் தள்ளி

எண்ணிக்கையில் இரண்டு தவறிய ஆள் நான்தான். அது தெரிந்தபோது சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டில் மதியச் சாப்பாடு மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது.

பழைய எலக்ட்ரானிக் போர்டுகளைச் சரிசெய்வது என் தொழில். பிள்ளைச்சாவடிப் பக்கம் ஒரு ஐஸ் பேக்டரியில் அண்ணன் கம்ப்ரசர் ஓட்டுகிறான். ஐஸ் உறைய வைக்கும் அமோனியா வாயு கசிந்தால் கத்த வேண்டிய சைரன், கரண்டு போய் வரும்போதெல்லாம் சும்மா கத்தியது. மூன்று வருடத்துக்கு முன் அதை அடக்கியவளும் நான்தான். யார் எழுதியதென்றே தெரியாத புரோகிராம். சிப்பிலிருந்து வெறும் எண்களாக இறக்கி, உண்மையான கசிவு என்றால் மட்டும் சைரனுக்குத் தாவட்டும் என்று ஓரிடத்தில் 80 06 போட்டேன். அந்தச் சிப்பின் மொழியில் 80 என்றால் தாவு. 06 என்றால் ஆறு இடம். பென்சிலால் எண்ணிப் பார்த்தேன், சைரன் கட்டளையில் போய் நின்றது. சோதிக்க அமோனியாவையா கசியவிட முடியும்? டெஸ்ட் பட்டனை அமுக்கினோம், கத்தியது, டீ குடித்தோம்.

இப்போது இன்னொரு பேக்டரிக்கும் அதே மாதிரி கேட்டார்கள். இந்த முறை அந்தப் பழைய எண்களைக் கட்டளைகளாகப் பிரித்துக் காட்டும் மென்பொருளில் போட்டேன். தாவிப் போய்ச் சேரும் இடத்தையும் அது காட்டியது. என் நோட்டில் இருந்ததைவிட இரண்டு தள்ளி. முதலில் மென்பொருளைத்தான் திட்டினேன். பிறகுதான் உறைத்தது. தாவு என்ற கட்டளை நிற்கும் இடத்திலிருந்து எண்ணக் கூடாது. அது முடிந்து, அடுத்த கட்டளை தொடங்கும் இடத்திலிருந்து எண்ண வேண்டும். தாவு பிடிப்பது இரண்டு இடம். சைரன் கட்டளையும் இரண்டே இடம். இந்த மூன்று வருடத்தில் எப்போது கசிந்திருந்தாலும் புரோகிராம் அதைச் சுத்தமாகத் தாண்டித்தான் போயிருக்கும்.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, சைரன் வேலை செய்யாது."

"யாரு சொன்னா? வாராவாரம் பட்டன அமுக்கிப் பாக்குறோம். இரு, கேளு."

போனில் அலறியது. அந்தப் பட்டனின் ஒயர் நேரே சைரனுக்குப் போகிறது. புரோகிராம் பக்கமே வராது.

"கேட்டியா? ஜோரா இருக்குது" என்றவன் இருமினான். விடாமல் இருமினான்.

"எப்பலேர்ந்து இந்த இருமல்?"

"காலைலேர்ந்து. இங்க எல்லாருக்குந்தான். கண்ணு வேற எரியுது. சைரன்தான் கத்தலியேன்னு வேலையப் பாத்துக்கிட்டு இருக்கோம்."