தோள் உயரத்துக்கு ஒரு வேலி

குண்டசாலையில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து அக்கா வீட்டுக்கும் நடுவே செவ்வரத்தை வேலி. அதை அவர் இரண்டாள் உயரத்துக்கு வளரவிட்டிருந்தார். என் முற்றத்தில் வெயிலே இல்லை. கட்டுகிற சேலையெல்லாம் ஈர நாற்றம். மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். "பாப்போம்" என்றார். கோபம் தலைக்கேற, அயல்வீட்டுத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்கு எழுதிப் போட்டேன்.

சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் சபை கூடியது. மழையில் ஒரே ஒரு த்ரீவீல்தான் கிடைத்தது. இருவரும் அதிலேயே, முகம் பார்க்காமல் போனோம். வேலியை ஏன் வெட்டவில்லை என்று சபையில் கேட்டபோது அக்கா வாய் திறக்கவில்லை. தோள் உயரத்துக்கு வெட்டுவதாகக் கையெழுத்துப் போட்டார். ஜெயித்துவிட்ட மிதப்பில் நான் திரும்பினேன்.

வேலியை வெட்டிய மறுநாள் காலை துணி காயப்போடப் போனேன். அந்தப் பக்கம், பாரிசவாதத்தில் கைகால் விழுந்துபோன கணவரைக் கதிரையில் உட்காரவைத்து அக்கா குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். குளியலறைப் படி ஏற அவரால் முடியாதாம். என்னைக் கண்டதும் பதறி, துவாயை எடுத்து அவரைப் போர்த்தினார்.

பிறகு கேட்டேன், "இதை அங்கயே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"இவர் அதிபரா இருந்த ஸ்கூல் தங்கச்சி அது. அங்க உக்காந்து எப்பிடிச் சொல்றது?"

இப்போது முற்றத்தில் நல்ல வெயில். தினமும் அக்கா அவரைக் குளிப்பாட்டும் நேரத்துக்கு முன்னால் வேலியோரக் கொடியில் பெட்சீட்டை விரித்துவிடுகிறேன். துவைக்காத நாளில், அலுமாரியிலிருந்து ஒன்றை எடுத்து நனைத்துக்கொண்டு போகிறேன்.