அக்ரிலிக் கதிரையும் என் இடது காலும்

என் இடது கால் கணுக்காலுக்குக் கீழே வீங்கியிருக்கும். யானைக்கால் என்பார்கள். நுளம்பால் வருவது, பரம்பரையாக வருவதில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சேலையைத் தரை தொடவே கட்டுவேன். வீட்டுக் கதிரைகளுக்குத் தரைவரை தொங்கும் உறை தைத்துப் போட்டிருந்தேன். உட்கார்ந்ததும் காலை அதற்குள் இழுத்துக்கொண்டால் யார் கண்ணிலும் படாது.

போன மாதம், மகள் விரும்பிய பையனின் வீட்டார் சிலாபத்திலிருந்து முந்தலுக்கு, எங்கள் வீட்டுக்குப் பொம்பிளை பார்க்க வருவதாக இருந்தது. கொழும்பில் தளபாடக் கடையொன்றில் வேலை செய்யும் மகள், அதற்கு முதல் நாள் புதுக் கதிரைகளோடு வந்து இறங்கினாள். உட்காருமிடம், முதுகு, கால்கள் எல்லாவற்றினூடாகவும் அப்பால் இருப்பது தெரிந்தது.

"கண்ணாடி இல்லம்மா, அக்ரிலிக். விழுந்தாலும் லேசில உடையாது. எங்கட சின்ன ஹோலை அடைக்காது, பாருங்க."

உண்மைதான். கதிரைகளைப் போட்ட பிறகும் அறை வெறுமையாகவே தெரிந்தது. பழையவற்றை அவள் மாதா கோயில் மண்டபத்துக்கு அனுப்பிவிட்டாள். தடுக்க எனக்குக் காரணம் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். விடிவதற்குள் கடற்காற்றின் உப்பு படிந்து அவை மங்கியிருந்தன. இன்னும் மங்கினால் நல்லது என்று நினைத்தேன்.

பையனும் தாய் தகப்பனும் வந்தார்கள். தகப்பன் கதிரையைத் தடவிப் பார்த்துவிட்டே உட்கார்ந்தார்.

"இருக்கோ இல்லையோ எண்டு தொட்டுத்தான் பார்க்கவேண்டிக் கிடக்கு!"

எல்லோரும் சிரித்தோம். தாய் தன் பக்கத்துக் கதிரையைக் காட்டினார்.

"நீங்களும் இருங்க அக்கா."

"தேத்தண்ணி கொண்டு வாறன்."

தேத்தண்ணீர் கொடுத்தேன். மறுபடி இருக்கச் சொன்னார். பலகாரம் எடுக்கப் போனேன். பிறகு தண்ணீர். அதன்பின் கொண்டுவர ஒன்றுமில்லாமல் குசினி வாசலில் நின்றேன். அவர் கணவரிடம் திரும்பினார்.

"எழும்புங்க, போவம். எங்களோட ஒண்டா இருக்க இவவுக்கு விருப்பமில்லை போல. நாங்க கருவாடு காயப்போடுற ஆக்கள்தானே."

பையன் எழுந்துவிட்டான். மகள் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் போய் உட்கார்ந்தேன். பழக்கத்தில் காலைப் பின்னால் இழுத்தேன், சேலை உயர்ந்தது. பக்கத்தில் இருந்தவருக்குக் கதிரையினூடாக எல்லாமே தெரிந்தது.

மகள் பலகாரத் தட்டோடு வந்து எங்களுக்கு நடுவே நின்றாள். தட்டை யாருக்கும் நீட்டவில்லை. நின்றாள், அவ்வளவுதான். என் காலை அவள் வீட்டில் எப்போதும் பார்த்தவள். நான் மறைப்பதை மட்டும் கவனித்ததில்லை என்று எண்ணியிருந்தேன்.

"தள்ளு மகள், அம்மாவோட கதைக்க ஏலாமக் கிடக்கு," என்றார் பையனின் தாய். பிறகு என்னிடம், "இதுக்கா அக்கா நிண்டீங்க?"

"ஓம்."

"நோகுதா?"

"கனநேரம் நிண்டா நோகும்."

"பின்ன இவ்வளவு நேரமும் நிண்டீங்களே!"

தகப்பன் தொண்டையைச் செருமிவிட்டு, தவக்காலத்துக்கு முன் கோயிலில் கலியாணத்துக்கு நாள் எடுக்கலாமா என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். நிமிர்ந்து சொல்ல முடியவில்லை. காலைக் கண்டது போகட்டும், தங்களைத் தாழ்த்துகிறேன் என்று அவர்களை நினைக்க வைத்துவிட்டேனே என்று உடம்பு கூசியது. அப்போதும் சேலையை இழுத்துவிடக் கை போனது. அந்தத் தாய் பார்த்துக்கொண்டிருந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.