பாரோ கரையில் திமிங்கிலப் பந்தி

2007 ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நூவர்க்கில் விமானம் ஏறினோம். போகிற இடம் அலாஸ்காவின் வடகோடியில் இருக்கும் பாரோ. அதற்கு மேல் நிலம் கிடையாது, பனிக்கடல்தான். அங்கிருந்து வட துருவம் 1,300 மைல்.

ஏன் இந்த வேண்டாத வேலை என்று எங்கள் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில் கேட்காத ஆள் இல்லை. விசா முத்திரை முடிந்து, கிரீன் கார்டும் வராமல் அந்தரத்தில் தொங்குகிறவர்கள் நாங்கள். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ என்று மூன்று வருடமாக ஊர்ப்பக்கம் போகவில்லை. “வெளிய போகாமலே எவ்வளவு தூரம் போகலாம்னு பாப்போம்” என்று மேப்பை விரித்த என் வீட்டுக்காரர் ஜாபர், விரலை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போய் பாரோவில் நிறுத்தினார்.

இவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இவர் பள்ளப்பட்டிக்காரர், முஸ்லிம்களில் ஹனபி பிரிவு. கடலில் மீனைத் தவிர மற்றது கூடாது என்பது அவர்கள் வழி. நான் காயல்பட்டினத்துக்காரி, ஷாபி. எங்களுக்குக் கடலில் உள்ளது எல்லாம் ஆகும், கணவாயும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் கணவாய் ஆக்கினேன். இவர் முகம் சுளிக்கவில்லை. “உங்க வழியில உண்டு, நீ சாப்புடு புள்ள. அந்தச் சட்டிய மட்டும் தனியா வச்சுக்க” என்றார். தனிச் சட்டி, தனித் தட்டு, அடுப்பு ஓரமாக நின்றுகொண்டு தனிச் சாப்பாடு. எங்கள் ஊர் விருந்தில் ஒரே தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். அப்படி வளர்ந்தவளுக்குத் தனியாகத் தின்றது தொண்டையில் இறங்கவில்லை. அந்தச் சட்டியைத் தூக்கிப் போட்டேன். ஒன்பது வருடமாகிறது, கணவாயை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. அந்த ஆசையை இவரிடம் சொன்னதும் இல்லை.

பாரோவில் வேன் ஓட்டிச் சுற்றிக்காட்டும் ரூத் என்பவரிடம் போனில் இடம் பதிவு செய்தபோது, அவரே சொன்னார்: “என் தம்பியோட படகுக்கு இந்த வருஷம் திமிங்கிலம் கிடைச்சிருக்கு. சனிக்கிழமை ஊருக்கே விருந்து. கிண்ணம் எடுத்துட்டு வாங்க.” இவர் உற்சாகமாகிவிட்டார். “திமிங்கிலம் மீன்தானே புள்ள? ரெண்டு பேரும் சேர்ந்தே சாப்புடலாம்.” அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் பெட்டி கட்டினேன்.

சியாட்டில், ஆங்கரேஜ் என்று மாறி மாறி ஏறி, இரவு எட்டு மணிக்கு இறங்கினோம். வெயில் பளிச்சென்று அடித்தது. மே மாதம் எழுந்த சூரியன் அங்கே ஆகஸ்டில்தான் மறையும். குளிர் 34 டிகிரி ஃபாரன்ஹீட், தண்ணீர் உறைவதற்குக் கொஞ்சம்தான் பாக்கி. கடையில் ஒரு தர்பூசணி முப்பது டாலர், பார்த்துவிட்டு வைத்துவிட்டோம். “சூரியன் மறைஞ்சாத்தானே மஃரிப் தொழுகை, இங்க எப்போ?” என்றேன். “பிளெய்ன்ஸ்பரோ டைமையே ஃபாலோ பண்ணலாம்” என்று இவர் கடிகாரத்தைத் திருப்பாமலே விட்டார்.

சனி காலை ஒன்பது மணிக்கு ரூத் வந்தார். ஐம்பது வயதிருக்கும், எனக்கு உடனே ரூத் ஆன்ட்டி ஆகிவிட்டார். ஊரைத் தாண்டினால் மரம் என்று ஒன்று இல்லை. பழுப்புப் புல், திட்டுத் திட்டாகப் பனி, மேட்டில் அசையாமல் ஒரு வெள்ளை ஆந்தை. கடற்கரைக்குப் போனால் கடலைக் காணோம். கண்ணுக்கு எட்டிய தூரம் உறைந்து கிடந்தது, அங்கங்கே நீலமாகத் தேங்கிய நீர். இவர் ஒரு காலை எடுத்து வைக்கப் போனார்.

“வேண்டாம். பாக்கத்தான் கெட்டி, ஜூன் மாசத்துல உள்ள இத்துப் போயிருக்கும்” என்று ரூத் ஆன்ட்டி கையைப் பிடித்து இழுத்தார். வசந்தத்தில் ஆண்கள் இந்தப் பனிமேல் தோல் படகை இழுத்துப் போய், தண்ணீர் திறந்திருக்கும் விளிம்பில் நாள்கணக்கில் சத்தம் காட்டாமல் காத்திருப்பார்களாம். “ஒரு தடவை முகாமுக்குப் பின்னாடியே பனி பிளந்துடுச்சு. எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்தாங்க. என் தம்பி ஒத்தைக் கால் பூட்ஸோட வந்தான். அம்மா அடிச்சாங்க, அப்புறம் கட்டிப் பிடிச்சு அழுதாங்க.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். திமிங்கிலம் மூச்சு விட மேலே வரும், குட்டி போடும், பால் கொடுக்கும் என்று பாடத்தையும் நடத்தினார்.

“பால் குடுக்குதா?” என்றார் இவர்.

“ஆமா, பசு மாதிரி.”

இவர் என் பக்கம் திரும்பினார். “அப்ப இது மீன் இல்ல புள்ள.” எனக்கு ரூத் ஆன்ட்டியின் வாயைப் பொத்த வேண்டும் போல் இருந்தது. போச்சு, இங்கேயும் தனிச் சாப்பாடுதான்.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பந்தி. காற்றுக்குத் தார்ப்பாய் கட்டி, ஊரே மடக்கு நாற்காலியும் கிண்ணமுமாக உட்கார்ந்திருந்தது. படகுக்காரர்களே நின்று பரிமாறினார்கள். முதலில் வாத்து சூப், மான் சூப். ஹலாலாக அறுத்ததில்லை என்று இருவரும் கிண்ணத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தோம். கூச்சமாகத்தான் இருந்தது. ஐந்து மணிக்குத்தான் திமிங்கிலம் வந்தது, தோலும் கொழுப்புமாக, மேலே கறுப்பு, கீழே இளஞ்சிவப்பு. ரூத் ஆன்ட்டியின் தம்பி என் கிண்ணத்தில் ஒரு பெரிய துண்டை வைத்துவிட்டு இவர் பக்கம் நீட்டினார். இவர் கையை ஆட்டினார்.

“சாப்பிடலைன்னா பரவாயில்ல” என்றார் ரூத் ஆன்ட்டி. “ஆனா பங்கு வாங்கிக்கணும். பங்கு இல்லாம யாரும் எந்திரிக்கக் கூடாது. யாருக்குக் குடுக்கறதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க.”

பக்ரீதுக்குக் குர்பானிக் கறி பங்கு வைக்கும் வீட்டில் பிறந்த மனுஷன், அதற்கு மேல் மறுக்கவில்லை. கிண்ணத்தை நீட்டி வாங்கினார். வாங்கியதை அப்படியே என் கிண்ணத்தில் போட்டார். நான் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தேன், ரப்பராக இழுத்தது. பக்கத்தில் எல்லாரும் பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தார்கள். இவர் ஒரு கிழவரிடம் கத்தியும் தட்டும் இரவல் வாங்கி, தட்டை முழங்காலில் வைத்து, எனக்காக நறுக்க ஆரம்பித்தார். கணவாய்ச் சட்டியைத் தொடாத கை அது. விரலிடுக்கெல்லாம் எண்ணெய் வழிந்தது.

“மச்சான், கையெல்லாம் ஆகுது.”

“கழுவிக்கலாம் புள்ள. நீ சாப்புடு.”

பிஸ்மி சொல்லி வாயில் போட்டேன். தேங்காய்ப் பத்தையைக் கடித்தது போல் இருந்தது, பிறகு எண்ணெய், கடைசியில் கடல். இவர் நறுக்க நறுக்க நான் தின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுகொண்டேதான் தின்றேன். குளிர்காற்றில் கண்ணில் நீர் வருகிறது என்று ரூத் ஆன்ட்டி நினைத்திருப்பார்.

ஞாயிறு சாயங்காலம் கிளம்பினோம். விமான ஜன்னலில் வெள்ளை வெளேரென்று கடல், நடுவே கறுத்த ஒரு நீர்க்கீற்று. அந்த விளிம்பில் இத்தனை பேர் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்ததில், முன்பின் தெரியாத எங்களுக்கும் ஒரு பங்கு. பிளெய்ன்ஸ்பரோவில் எட்டு வருடமாக இருக்கிறோம், எந்த வீட்டிலிருந்தும் எங்களுக்கு ஒரு பங்கு வந்ததில்லை. நாங்களும் கொடுத்ததில்லை.

திங்கள் காலை நூவர்க்கிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இவர் காரை எடிசன் பக்கம் திருப்பினார். மீன் கடை வாசலில் நிறுத்தினார்.

“என்ன மச்சான்?”

“கணவாய் வாங்கிக்க. ரெண்டு பவுண்டா வாங்கு. எதிர் வீட்டு ஆன்ட்டிக்கும் குடுக்கலாம்.”

இவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. நான், “அப்படியே பக்கத்துக் கடையில ஒரு சட்டியும் வாங்கணும். பழச நான் அப்பவே தூக்கிப் போட்டுட்டேன்” என்றேன்.

“சட்டி எதுக்கு? வீட்ல இருக்கே.”

“அது நீங்க சாப்புடுற சட்டி.”

“கழுவிக்கலாம் புள்ள” என்றார்.