எழுபத்தோராவது நொடி

இதை இதுவரை ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு போலீஸ்காரர். எழுதிக்கொண்டே வந்தவர், பாதியில் பேனாவை மூடி வைத்துவிட்டார். நீங்கள் நம்பியே ஆக வேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை. நேரங்களை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம்கூட நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

என் பெயர் இங்வில்ட். படங்களுக்கு ஒலி சேர்ப்பது என் வேலை. ட்ரோம்சோ துறைமுகத்தில் பழைய மீன் கிடங்கு ஒன்றின் பின்பக்கம்தான் எங்கள் ஸ்டுடியோ. கட்டடம் நிற்பது மரத்தூண்கள் மேல். தரைப் பலகைக்குக் கீழே கடல். அலை பெரிதாக இருந்தால் காலுக்கடியில் தூண்கள் முனகும். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். ஒலி அறைக்கு ஜன்னல் கிடையாது.

அன்று டிசம்பர் பதிமூன்று, வீட்டுக்கு வீடு குங்குமப்பூ ரொட்டி வாங்கும் லூசியா திருநாள். பகல் நேரம்தான். ஆனால் டிசம்பரில், வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊர்ப் பக்கம் சூரியன் தலைகாட்டாது. மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வெளியே கும்மிருட்டு.

பேய்ப்படம் ஒன்றின் ட்ரெய்லர் எங்கள் கையில் இருந்தது. ஒன்றரை நிமிடம். மாலை ஆறு மணிக்குள் ஓஸ்லோவுக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. படத்துண்டுகளை வெட்டி ஒட்டியவன் ஓட்வார். பன்னிரண்டு வருடமாக நானும் அவனும் ஒரே அறையில் குப்பை கொட்டுகிறோம். எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய படம் இதுதான்.

காலையிலிருந்து இசை தேடிக்கொண்டிருந்தோம். செல்லோவில் ஒரே சுரத்தை நீட்டி இழுத்துப் பார்த்தேன். ஓட்வார் கொட்டாவி விட்டான். தாலாட்டு ஒன்றைப் பியானோவில் மெதுவாக ஓடவிட்டேன்.

"இது பேய்ப்படமா, பல் டாக்டர் வெயிட்டிங் ரூமா?" என்றான்.

"அப்ப நீயே வந்து வாசி."

"கோச்சுக்காத தாயே. யாரும் கேட்காத சத்தமா ஒண்ணு குடுன்னுதான் சொல்றேன்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆறு நாளைக்கு முன்னால், தண்ணீருக்கடியில் ஒலி பிடிக்கும் மைக் ஒன்றை எங்கள் கட்டடத்துக்குக் கீழே இறக்கி நாற்பது நிமிடம் பதிவு செய்திருந்தேன். படகுச் சங்கிலிகள் உரசுகிற சத்தம். அதைப் பாதி வேகத்தில் ஓடவிட்டேன். ஏதோ ஒரு பெரிய உயிர் வலியில் முனகுவது போல இருந்தது. ஓட்வார் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அதுவே அடித்தளம் என்று முடிவானது. அதன் மேல் ஒரு மூச்சு. ஒரு கதவு. கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் வயலின்கள். எழுபத்தோராவது நொடியில் எல்லாம் சட்டென்று நிற்கும். மூன்று நொடி வெறும் மௌனம். பிறகு படத்தின் பெயரும் ஒரே ஒரு பெரிய அடியும். பேய்ப்பட ட்ரெய்லரில் ஆளை நடுங்க வைப்பது சத்தம் இல்லை, சத்தம் நின்ற இடம்தான்.

முதல் முறை முழுதாக ஓடவிட்டோம். மணி 14:12. திரையின் மூலையில் நேரம் இருந்தது, அதனால் சரியாகத் தெரியும்.

எழுபத்தோராவது நொடி. மௌனம்.

டொக்... டொக் டொக்.

ஓட்வார் மேசையைத் தட்டினான். "அட்டகாசம்! எங்கேர்ந்து புடிச்ச?"

"நான் எதுவும் போடல."

"புளுகாத."

நான் பொய் சொல்லவில்லை. அந்த மூன்று நொடியில் எந்தத் தடத்திலும் எதுவும் இல்லை. திரையில் நேர்க்கோடுதான் ஓடியது. ஒலி அளவு காட்டும் முள் அசையவே இல்லை. ஆனால் ஸ்பீக்கரிலிருந்து கேட்டது. கண்ணாடியை யாரோ விரல் முட்டியால் தட்டுவது போல. ஒன்று, கொஞ்சம் இடைவெளி, பிறகு இரண்டு.

கடலடிப் பதிவை முழுதாகத் திறந்து தேடினேன். அதில் அப்படி எதுவும் இல்லை.

"என்ன எழவா இருந்தா என்ன, நல்லா இருக்கு. அப்படியே வை," என்றான் ஓட்வார்.

நானும் வைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அது பிடித்திருந்தது.

14:40. மறுபடி ஓடவிட்டோம்.

டொக்...... டொக்... டொக்.

"மெதுவாயிடுச்சே. நீ மாத்தினியா?"

"கையே வைக்கல, ஓட்வார்."

15:05. தட்டுகளுக்கு நடுவே இப்போது வேறொன்றும் கேட்டது. மூச்சு. நான் சேர்த்திருந்த மூச்சு இல்லை. அது ஒரு பெண்ணின் மூச்சு, இருபதாவது நொடியில் முடிந்துவிடும். இது ஆணின் மூச்சு. அவசர அவசரமாக இழுத்தது. காற்று போதாமல் இழுப்பது போல.

ஓட்வாரின் சிரிப்பு நின்றது.

கடலடிப் பதிவை மொத்தமாக நீக்கினேன். வயலினை நீக்கினேன். கதவை, மூச்சை, எல்லாவற்றையும் நீக்கினேன். ஒலியே இல்லாத வெறும் படம்.

15:20. ஓடவிட்டோம்.

எழுபது நொடி ஒன்றும் இல்லை.

எழுபத்தொன்று...

டொக்.

ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம். எதுவும் கேட்கவில்லை.

"கம்ப்யூட்டர நிறுத்து," என்றான் ஓட்வார். அவன் குரல் அவனுடையதாகவே இல்லை.

நிறுத்தினேன். ஸ்பீக்கரின் வயரையும் பிடுங்கினேன். மிஷினில் ஏதோ கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

15:38.

தொப்.

கட்டடமே ஒரு முறை குலுங்கியது. மேசையில் இருந்த காபி கோப்பை ஓரம் வரை நகர்ந்தது.

"அலை," என்றேன்.

"இன்னைக்கு அலையே இல்ல."

பிறகு...

டொக்... டொக் டொக்.

ஸ்பீக்கரில் இல்லை.

எங்கள் காலுக்கடியில்.

டொக்... டொக் டொக்.

பலகை வழியாகப் பாதத்தில் அதிர்ந்தது.

டொக்... டொக் டொக்.

"ஓடு!" ஓட்வார் என் கையைப் பிடித்து இழுத்தான்.

ஓடினோம். கோட்டைக்கூட எடுக்கவில்லை. தெருப் பக்கக் கதவு வழியாக.

கடல் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஓட்வார் வீட்டில் அவனுடைய லேப்டாப்பில் உட்கார்ந்தோம். காலையில் சேமித்து வைத்திருந்த பிரதி அவனிடம் இருந்தது. கடலடிச் சத்தத்தை எடுத்துவிட்டு, செல்லோவைப் போட்டேன். மூன்று நொடி மௌனத்தைப் பத்து முறை கேட்டோம். சுத்தமான மௌனம். 17:52க்கு அனுப்பினேன்.

18:05க்கு ஓஸ்லோவிலிருந்து பெனெடிக்டே பேசினார். படத்தை வெளியிடும் நிறுவனத்தில் எங்கள் வேலையைப் பார்த்து ஒப்புக்கொள்பவர் அவர்தான்.

"பிரமாதம் இங்வில்ட். செல்லோ அப்படி ஒண்ணும் இல்ல. ஆனா அந்த மௌனத்துல வர்ற தட்டு இருக்கே... எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் புல்லரிச்சுப் போச்சு. தயவுசெஞ்சு அதை எடுத்துடாதீங்க."

ஓட்வார்தான் போனை வாங்கி, "சரிங்க," என்றான்.

மறுநாள் காலை நாங்கள் போனபோது துறைமுகத்தில் கிரேன் நின்றுகொண்டிருந்தது. தண்ணீரிலிருந்து ஒரு காரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கப்பல்களுக்கு மின்வேலை செய்யும் ஸ்டைனார் என்பவருடைய கார். வயது ஐம்பத்து நான்கு. கிடங்கை ஒட்டிய பாதையில் பனிக்கட்டி வழுக்கி, கார் கடலுக்குள் போயிருக்கிறது. சரிந்து எங்கள் கட்டடத்தின் தூண்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. ஒலி அறைக்கு நேர் கீழே.

துறைமுகக் கேமராவில் கார் விழுந்த நேரம் பதிவாகியிருந்தது. 15:38.

உள்ளே காற்று கொஞ்ச நேரம் இருந்திருக்கும் என்று போலீஸ்காரர் சொன்னார். பத்து நிமிடம், அதிகம் போனால் பதினைந்து. "உங்களுக்குச் சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

கேட்டது என்று சொன்னோம். பயந்து ஓடினோம் என்றும் சொன்னோம். அதற்கு முன்பே எத்தனை மணியிலிருந்து கேட்டது என்று நான் சொல்லத் தொடங்கியபோதுதான் அவர் பேனாவை மூடினார்.

பிப்ரவரியில் ஸ்டைனாரின் மனைவி மாரித் எங்களைத் தேடி வந்தார். கணவர் இறந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஒலி அறைக்குக் கூட்டிப்போனேன். நாற்காலியில் உட்காராமல், தரைப் பலகையில் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

"எல்லா நாளும் சாவிய மறந்துட்டுப் போவாரு மனுஷன்," என்றார். "முப்பது வருஷமா இப்படித்தான் கதவைத் தட்டுவாரு."

விரல் முட்டியால் பலகையைத் தட்டிக் காட்டினார்.

ஒன்று. கொஞ்சம் இடைவெளி. பிறகு இரண்டு.

ஓட்வார் எழுந்து வெளியே போய்விட்டான். தட்டுகிற சத்தத்தைப் பற்றி நாங்கள் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"இதுதாம்மா கடைசியா அனுப்பினது," என்று மாரித் தன் போனை நீட்டினார். பேக்கரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று எடுத்த படம். கையில் குங்குமப்பூ ரொட்டிப் பொட்டலம், தலையில் பனித்துகள், வாய் நிறையச் சிரிப்பு. கீழே எழுதியிருந்தார்: 'வாங்கிட்டேன். துறைமுகத்துல ஒரு சின்ன வேலை, முடிச்சதும் வந்துடறேன். காபி போட்டு வை.'

அனுப்பிய நேரத்தைப் பார்த்தேன்.

14:12.

அவர் கடலில் விழ இன்னும் எண்பத்தாறு நிமிடம் இருந்தது.